அண்ணன் கொடுத்த மாத்திரைகள்

அண்ணன் ஏதோ கேட்கப் போகிறான். இல்லையென்றால் மாஸ்க்கை இத்தனை தடவை இழுத்து இழுத்து விட மாட்டான். கேட்டால் சரியென்று தலையாட்டிவிடுவேனோ என்று கட்டிலில் கிடந்தவள் பயந்தாள்.

குளிர்காய்ச்சல் அவளை உலுக்கிப் போட்டுவிட்டு இப்போதுதான் ஓய்ந்திருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து, நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் துடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது. முதலில் போட்ட ஊசிக்கு அது மசியவில்லை. எந்த மருந்துக்கு அடங்கும் என்று பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் முடியாது. முன்பு என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள், யோசித்து வையுங்கள், அடிக்கடி சாப்பிட்டதற்குக் கிருமி பழகிப்போயிருக்கும், அதை வைத்துத்தான் அடுத்த மருந்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவள் லேசாக இருமினால் போதும், கடையடைத்து வரும்போது டாக்டர் சீட்டில்லாமலே சட்டைப்பையில் ஓர் ஆன்டிபயாடிக் அட்டை இருக்கும். கொஞ்சம் தேவலை என்றதும் மிச்சத்தை விட்டுவிடுவாள். தெருவில் அவனுக்குப் பாதி டாக்டர் என்று பெயர். மீதிப் பாதியை எப்போது படிக்கப் போகிறாய் என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள். உள்ளுக்குள் பெருமைதான்.

அவன் கட்டிலருகே குனிந்தான்.

"மாத்திரை பேச்சை மட்டும் எடுக்காதம்மா. கடை போனாப் போகுது. என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உன்னப் பாக்கிறது?"

அவனால்தானா, ஆஸ்பத்திரியிலேயே ஒட்டிக்கொண்ட கிருமியா, யார் கண்டது? அவன் பாசத்தை யாரும் விஷம் என்று சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, வெட்கமில்லாமல், பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

டாக்டரம்மா உள்ளே வந்தார். அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, பெரிதாக ஒன்றுமில்லை, சாதாரண காய்ச்சல் மாத்திரைதான் என்றான். சொல்லிவிட்டு, ஆமாம் சொல்லேன் என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். நிறைய சாப்பிட்டிருக்கேன். பேரெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத்தான் தெரியும்."