முதல் வரிசை நாற்காலி

என் கணவர் கசிமிரோ கடலில் இறங்கக் கூடாது. வசந்த காலத்தில் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் எத்தனையோ சொன்னார். இந்த ஒன்றைத்தான் நான் முழுதாகக் காதில் வாங்கினேன். உப்பைக் குறைக்கலாம், சுருட்டை விடலாம், பிராந்தி விட்ட காபியைக்கூட மறக்கலாம். தனியாக நீந்துவது மட்டும் கூடவே கூடாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் கன்னி மரியாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவரும் அதே மரியாள் மேல் சத்தியம் செய்தார். எங்கள் ஊர் காலா ரோயாவில் பிறந்த ஆண்பிள்ளை கடல் விஷயத்தில் செய்யும் சத்தியத்தை நம்புவதும் ஒன்று, பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதும் ஒன்று.

கடலை விடச் சொன்னேன். முதல் வரிசையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊரில் ஆகஸ்டு மாதம் மணலே தெரியாது. உடம்புகள்தான் தெரியும். அதனால் விடியும்போதே ஆட்கள் குடையும் மடக்கு நாற்காலியும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அலை வந்து தொடும் இடத்துக்குச் சற்று மேலே குடையை நட்டு, நாற்காலியைக் கடலைப் பார்த்து விரித்து, துண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காபி, குட்டித் தூக்கம், சந்தைக்கு ஒரு நடை. நாற்காலி மட்டும் அவர்களுக்காக உட்கார்ந்திருக்கும். இந்த அசிங்கத்தை ஒழிக்கிறேன் என்று நகரசபை சட்டம் போட்டது. காவலர் டிராக்டரில் வருவார். ஆள் இல்லாத நாற்காலியைப் பின்னால் உள்ள வண்டியில் வீசிவிட்டுப் போவார். திரும்ப வாங்க அபராதம் கட்ட வேண்டும்.

சட்டம் போட்டால் எங்களுக்கும் மூளை இருக்கிறதே. டிராக்டர் சத்தம் கேட்டதும், அந்த நேரத்தில் கரையில் இருக்கிறவர்கள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அது யாருடையதானாலும் சரி. ஜென்மப் பகையாளியின் நாற்காலியாக இருந்தாலும் உட்கார்ந்தே ஆக வேண்டும். மற்ற எந்த விஷயத்திலும் ஒற்றுமை இல்லாத எங்கள் ஊர், இதில் மட்டும் ஒரே குடும்பம்.

கசிமிரோவின் ஜென்மப் பகையாளி ஃபெர்மின். மாட்ரிட்டில் மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷம் முழுக்கச் சுரங்கத்துக்குள் இருந்த மனிதர் என்பதால், ஆகஸ்டில் சூரியன் முழுதும் தனக்கே வேண்டும் என்று வந்து நிற்பார். இரண்டு பேரும் பாம்பும் கீரியும்தான். கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்புக்கு அருகே, முதல் வரிசையில், ஒருவர் குடை நிழல் இன்னொருவர் குடை நிழலைத் தொடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

மாதா திருவிழாவுக்கு முந்தைய மாலை இருவரும் என் கடையில் நின்றார்கள். கடை என்றால் நடைபாதை ஓரத்தில் ஒரு மரக் கொட்டகை. கணவாய் வறுவல், சுட்ட மத்தி, குளிர்ந்த பீர்.

"நாளைக்கு மாதா திருநாளு. உன் குடைய எங்க நடப்போற, மூணாவது வரிசையிலயா?" என்றார் கசிமிரோ.

"நீ எந்திரிக்கிறதுக்குள்ள நான் நட்டு, உட்கார்ந்து, ஒரு தூக்கமும் போட்டிருப்பேன்" என்றார் ஃபெர்மின்.

"மாட்ரிட்காரனுக்கு விடியறதே பத்து மணிக்குத்தானேய்யா."

"நெஞ்சுக்குள்ள கம்பி வச்சிருக்க. ஓடி வந்து மூச்சு வாங்கிச் செத்துக்கித்துப் போயிடாத. அப்புறம் நான் யார்கிட்ட சண்ட போடறது?"

"வாயக் கழுவுய்யா!" என்று நான் மீன் பொரிக்கும் கரண்டியை ஓங்கினேன். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு பேச்சு எதற்கு?

இரண்டு நாளாகக் கீழைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. திருநாள் காலையில் அது சட்டென்று நின்றுவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று படுத்துக்கிடந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அப்படிப்பட்ட கடலைப் பார்த்தால் பிடிக்கும். எங்களுக்குப் பிடிக்காது. மேலே அடங்கிய காற்று அடியில் அடங்க இன்னும் ஒரு நாள் ஆகும். பாறைத் தடுப்பின் ஓரம் தண்ணீர் சத்தமே இல்லாமல் வெளிப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

கசிமிரோ பச்சைக் குடையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வைக்கோல் தொப்பி, நீல ரப்பர்ச் செருப்பு.

"தண்ணிப் பக்கம் போன, கொன்னுடுவேன் பாத்துக்க" என்றேன்.

"போடி. குடைய நட்டுட்டு நேரா உன் கடைக்கு வர்றேன். எனக்கு ஒரு ஆம்லெட் எடுத்து வை."

"உருளக்கிழங்கு போட்டதா?"

"பின்ன? ஆஸ்பத்திரிச் சாப்பாடா கேட்டேன்?"

உருளைக்கிழங்கு போட்டே செய்தேன். தட்டை மூடி அடுப்பு ஓரத்தில் வைத்தேன். அவர் வரவில்லை.

மாதா திருநாள் அன்று வேலையைச் சொல்லி மாளாது. காபிக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை, கழிப்பறை எங்கே என்று கேட்க ஒரு வரிசை. நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பச்சைக் குடை நட்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனை அவிழ்த்தேன். போய்ப் பார்த்துவிட்டே வருவது என்று இரண்டு எட்டு வைத்திருப்பேன். அதற்குள் டிராக்டர் வந்து நடுவே நின்றது. அது ஒவ்வொரு குடையாக ஊர்ந்து நகர்ந்தது. அது விலகியபோது பச்சைக் குடைக்குக் கீழே வைக்கோல் தொப்பி தெரிந்தது.

அப்பாடா என்று இருந்தது. உடனே கோபமும் வந்தது. ஆம்லெட் ஆறிப்போகிறது, இந்த மனிதர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே! ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

நாற்காலிகள் எல்லாம் கடலைப் பார்த்திருக்கும். கடையில் இருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். அவர் விஷயத்தில் நாற்காலியின் முதுகும், அதற்கு மேலே தொப்பியும். எனக்கு அது போதும். தொப்பி நாற்காலியில் இருந்தால் ஆள் தண்ணீரில் இல்லை. காலை முழுதும் நான் அந்தத் தொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன்.

இருந்தாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு தடவை கையை ஆட்டினேன், தொப்பி திரும்பவில்லை. முதுகுக்குக் கண் இருக்கிறதா என்ன, என்று என்னையே திட்டிக்கொண்டேன். காபி இல்லாமல் அரை நாள் இருக்கக்கூடிய மனிதர் இல்லையே அவர் என்றும் தோன்றியது. பிறகு ஒரு ஜெர்மன்காரக் கூட்டம் வந்து பீர் கேட்டது.

கரைக் காவல்காரி நூரியா பணிக்கு வந்ததும் என்னிடம் காபி வாங்கிக்கொண்டாள். நல்ல பெண், தோள் இரண்டும் மீன்பிடிப் படகு மாதிரி அகலம்.

"கடல் சரியில்லக்கா" என்றாள். "மஞ்சக் கொடி ஏத்தியிருக்கேன். செவப்பு ஏத்தணும்னுதான் எனக்கு ஆச. திருநாளும் அதுவுமா செவப்பு ஏத்தினா ஓட்டல்காரங்க என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாங்க."

"எங்க வீட்டு ஆளப் பாத்தியா?"

"வர்ற வழியில பார்த்தேனே. தொப்பிய மூஞ்சில கவுத்துக்கிட்டு நல்லாத் தூங்கறாரு."

"தண்ணிக்குள்ள கால வச்சா ஊதலை ஊதி மானத்த வாங்கு."

"செருப்பு தண்ணி ஓரத்துல கெடந்தாலே நான் ஓடிப்போயிடுவேன்க்கா. அவரு பழக்கம் எனக்குத் தெரியாதா?"

கசிமிரோவின் பழக்கம் கரை முழுக்கத் தெரியும். நீந்தப் போனால் செருப்பை அலை ஓரத்திலேயே கழற்றுவார். முனை கரையைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைப்பார். வெளியே வரும்போது மணல் சுடாமல் அப்படியே காலை நுழைத்துக்கொள்ளலாமாம். அலை ஓரத்தில் நீல ஜோடி கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். நூரியா அந்த அடையாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை மணி அடித்து முடிந்தது. கூட்டம் சற்றுக் குறைந்தது. ஆம்லெட்டை ரொட்டிக்குள் வைத்து, ஒரு துண்டுத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினேன். மணல் கொதித்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று போகும் வழியெல்லாம் சேர்த்து வைத்தேன். பச்சைக் குடையை நெருங்கியதும் பின்னால் இருந்தே ஆரம்பித்தேன்.

"யோவ் கிழவா, நான் என்ன நீ வச்ச வேலக்காரியா? சாப்பாட்டக் கரையில கொண்டுவந்து ஊட்டி வேற விடணுமா?"

தொப்பி அசைந்தது. ஒரு கை அதைத் தூக்கியது. தொப்பிக்குக் கீழே இருந்தது ஃபெர்மினின் முகம்.

"ரெமே?" என்று கண்ணைக் கசக்கினார். "எங்க உன் புருஷன்? அந்த டிராக்டர்காரன் இன்னிக்கி நாலு தடவ சுத்திட்டான். நான் மட்டும் இல்லன்னா இந்நேரம் குடை நகரசபை குடோன்ல இருக்கும். வந்து எனக்கொரு பீர் வாங்கித் தரச் சொல்லு."

"அவரு எங்க?" என்றேன்.

"உன் கடைலதான? திருநாள் கூட்டம், உனக்கு ஒத்தாசையா நிக்கிறான்னு நெனச்சேன்."

"கடைக்கு வரல."

"வரலையா? நான் வந்தப்பவே ஆள் இல்ல. தொப்பி நாற்காலில இருந்துச்சு. டிராக்டர் வந்துச்சா, நம்ம வழக்கந்தான, எடுத்து மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்."

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கேட்கப் பயமாக இருந்தது.

"செருப்பு?"

அவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் இருந்து நீலச் செருப்பை எடுத்து நீட்டினார். மணல் தட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, பத்திரமாக வைத்திருந்தார்.

"தண்ணி ஓரத்துல கெடந்துச்சு. அவன்தான் இப்ப நீந்தறதில்லையே, அலை அடிச்சிட்டுப் போயிடுமேன்னு எடுத்து..."

கையில் இருக்கும் செருப்பைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். அவரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் செய்ததில் எதைக் குற்றம் சொல்வது? நானாக இருந்தாலும் செருப்பை எடுத்துத்தான் வைத்திருப்பேன். நானாக இருந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பேன்.

"நூரியா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஊதல் சத்தம் கரை முழுதும் ஓடியது. சிவப்புக் கொடி ஏறியது. தண்ணீரில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நூரியா மீட்புப் பலகையோடு பாறைத் தடுப்புப் பக்கம் பாய்ந்தாள். ஃபெர்மின் உடுத்திய உடையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, "கசிமிரோ! டேய் கசிமிரோ!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடல் அப்போதும் வழவழவென்று கிடந்தது.

நான் செருப்பை வாங்கி அலை ஓரத்தில் வைத்தேன். முனை கரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். வந்தால் கால் சுடுமே.

மாலையில் மாதாவை ஏற்றிச் செல்லப் பூவும் கொடியும் கட்டி வைத்திருந்த படகுகள் மாதா இல்லாமலே அவரைத் தேடிக் கிளம்பின. அந்தப் படகுகளில் ஒன்றுதான் அவரைக் கொண்டுவந்தது. பாறைத் தடுப்புக்கு வெளியே, முனை திரும்பும் இடத்தில் கிடந்தாராம். காகிதப் பூக்களின் நடுவே படுக்க வைத்திருந்தார்கள். விடிந்த கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றும் சொன்னார். எனக்கு என்னவோ அவர் காலை முழுதும் அங்கே கையை ஆட்டிக்கொண்டிருந்ததாகவும், எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும்தான் இன்றைக்கும் தோன்றுகிறது.

மறுநாள் காலை வீட்டில் இருக்க முடியவில்லை. அழ வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு வந்தேன். முதல் வரிசையில் ஒரு குடைதான் இருந்தது. பச்சைக் குடை, யாரும் அதைப் பிடுங்கவில்லை. ஒரு சாண் மணலுக்கு மல்லுக்கு நிற்கிற ஜனம், அன்று எல்லாக் குடையையும் பின்னால் தள்ளி நட்டிருந்தது. ஃபெர்மினும் மூன்றாவது வரிசையில் நின்றார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

டிராக்டர் சத்தம் கேட்டது. அவர் வழக்கப்படி ஓர் அடி எடுத்து வைத்தார்; பிறகு நின்றுவிட்டார். வேறு யாரும் அசையவில்லை. நாற்காலி காலியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். மணலில் விழுந்து எழுந்து ஓடி, அதன் மேல் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிராக்டர் அருகே வந்து நின்றது. மேலே இருந்தவன் புதிய காவலன். ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். அவனுக்கு எதுவும் தெரியாது.

"இந்தக் குடைக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன்.