போற இடத்தில சொல்லு

நிரோஷா மருந்தைக் கரண்டியில் ஊற்றிவிட்டாள். பீற்றர் மாமா வாயைத் திறந்தபடி கிடந்தார். கரண்டியை அவரது உதட்டருகே கொண்டுபோகத்தான் கை எழவில்லை.

ஈரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கலியாணம் செய்யாத தம்பியை அம்மாதான் கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறைக்குக் கொண்டுவந்தாள். இன்றைக்குப் பூசைக்குப் போகும்போதும், "நோ கூடினா உடன மருந்தைக் குடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போனபிறகு மாமா நிரோஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளைத் தன் அக்கா என்று நினைத்துவிட்டார்.

"அக்கா, சாக்கில ரெண்டு ஓட்டைதான் இருந்தது. அதுக்குள்ளாலதான் பாத்தன். ஜெறாட் முன்வரிசையில நிண்டவன். அடி தாங்கேலாமல் தலையை ஆட்டிப்போட்டன் அக்கா."

ஜெறாட் அவளுடைய அண்ணன். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் இராணுவத்தினர் இந்த ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனை நடத்திக்கொண்டு வந்தார்கள். அவன் தலையாட்டிய ஆட்களை வாகனத்தில் ஏற்றினார்கள். ஜெறாட் பிறகு வரவேயில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன் பிடிபட்டிருந்த மாமா மட்டும் திரும்பி வந்தார். அவள் பள்ளிக்கூடம் போன காலம் அது. சாக்குக்குள் இருந்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று பாயில் படுத்தபடி எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறாள்.

மாமாவின் முனகல் ஓலமாகியது. விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிறாண்டின. நிரோஷா கரண்டியை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓலம் ஒழுங்கைவரை கேட்டிருக்க வேண்டும். அம்மா செருப்போடேயே உள்ளே ஓடிவந்தாள். மகளைப் பார்த்தாள். நிறைந்திருந்த கரண்டியைப் பார்த்தாள். அதை எடுத்துத் தம்பியின் வாயில் ஊற்றித் தொண்டையைத் தடவிவிட்டாள்.

"அந்தத் தலையாட்டி இவர்தான் அம்மா. அவரே சொன்னவர்."

"தெரியும்."

"தெரியுமோ? எப்ப இருந்து?"

"அண்டைக்கே. அவன்ர நடையை எனக்குத் தெரியாதே? தூக்கி வளத்த பிள்ளை."

"தெரிஞ்சுகொண்டோ இவருக்குப் பீ மூத்திரம் அள்ளுறீங்கள்?"

அம்மா படுக்கைவிரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "முந்தி ஒருக்கா இவன் சாப்பிட வரேக்க, சோத்தில கலக்கவெண்டு நஞ்சு வாங்கி வச்சனான். ஏலாமப் போச்சு. ஆண்டவரே, நீரே இவனிட்டக் கணக்குக் கேளும் எண்டு அவரிட்டக் குடுத்திட்டன். குடுத்ததை நான் திருப்பி எடுக்கேலாது."

"ஆண்டவர் என்னத்தைக் கேட்டவர்?"

"இன்னும் இல்ல. நானும் விடேல்ல. ஒவ்வொரு நாளும் பூசையில அவரிட்டக் கேக்கிறன்."

"அப்ப மன்னிச்சிட்டீங்கள்."

"இல்ல," என்றாள் அம்மா. "அப்பிடி ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

பின்னேரம் மாமாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. இந்த முறை ஆளைச் சரியாக அடையாளம் கண்டார். "அக்கா, அண்டைக்கு ஜெறாட்டை..."

அம்மா நனைத்த பஞ்சை அவர் உதட்டில் ஒற்றினாள்.

"எனக்குச் சொல்லாத பீற்றர். போற இடத்தில சொல்லு."

அவர் கண்கள் அகலமாகி அவளையே பார்த்தன. அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நிரோஷாவால் பார்க்க முடியவில்லை. அவள் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றாள். இந்தப் பயத்தைத்தானே இவ்வளவு காலமும் விரும்பினேன் என்று நினைத்தாள். சந்தோசம் வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது அம்மா தம்பியின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்தநாள் மாதம்பிட்டிச் சவக்காலையில் மழை தூறியது. "சொந்தத் தம்பியெண்டாலும் இப்பிடி ஆர் பாப்பினம்? நீங்கள் தெய்வம் அக்கா," என்று பக்கத்துவீட்டு ஹம்சிகா அழுதாள். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

சுவாமியார் செபத்தை முடித்ததும் அம்மாதான் முதலில் மண் போட்டாள். பெட்டி மறைகிறவரை குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெறாட்டுக்கு இப்படி ஒரு குழியும் இல்லை. நிரோஷாவும் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவள் விலகி வழிவிட்டாள்.

திரும்பும்போது அம்மா ஆட்டோவைப் பேக்கரியடியில் நிற்பாட்டச் சொல்லிப் பாண் வாங்கினாள்.

"இந்தா, பிடி. சூடு."

நிரோஷா இடக்கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வலக்கை இன்னும் பொத்தியபடியே இருந்தது. விரலிடுக்கால் சேற்றுத்தண்ணீர் கசிந்து பாவாடையில் இறங்கியது.