உரித்த கோழியும் இல்லாத பூனையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. தேனியிலிருந்து வரும் ஒரு உடல்நல மாத இதழ் என்னிடம் கேட்டது கட்டுரை. தினமும் சாப்பிட ஏற்ற இறைச்சி கோழி, அதை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைப்பது, கடைசியில் ஒரு செய்முறை. உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்துக்கொண்டு கதையும் எழுதுகிற ராஜா முகம்மதுவிடம் இதை ஏன் கேட்டார்கள் என்று தெரியவில்லை. டாக்டர் யாரும் சிக்கியிருக்கமாட்டார்.

'கோழி இறைச்சியில் புரதம் அதிகம்' என்று தொடங்கினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. புரதத்துக்குப் பெயர் கிடையாது, மீசை கிடையாது, பொய் சொல்லத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இன்னொன்று. நான் நோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதித் தருவதை அன்றன்றே கம்ப்யூட்டரில் ஏற்றுபவள் என் மனைவி நசீமா. இடையிடையே தன் கருத்தையும் அடைப்புக்குறிக்குள் ஏற்றிவிடுவாள். எடுத்துவிடு என்றால், "டைப்பிங் தெரிஞ்சவக எடுத்துக்கோங்க" என்பாள்.

[எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும்தான் என் வேலை. — நசீமா]

2

முதல் தொடக்கம்: சிக்கந்தருக்கு வயது ஐம்பத்தெட்டு. கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை

(வேண்டாம். ஆஸ்பத்திரியில் தொடங்கும் கதையை உடல்நல இதழில்கூட யாரும் படிக்கமாட்டார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "கோழியெல்லாம் ஒரு கறியா?" என்றார் சிக்கந்தர்.

இது பரவாயில்லை. எங்கள் பக்கம் கறி என்றால் ஆட்டுக்கறி. 'கறி எடுத்தாச்சா?' என்று கேட்பவரிடம் கோழியைக் காட்டினால், 'சரி, கறி எப்ப?' என்று திருப்பிக் கேட்பார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த சிக்கந்தருக்கு, அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், ஆட்டை நிறுத்துங்கள், தோல் உரித்த கோழி சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. கெட்ட கொழுப்பு இறங்காவிட்டால் மறுபடியும் உள்ளே விட்டுப் பார்க்கவேண்டி வரும் என்றார். உள்ளே என்று அவர் சொன்னது நெஞ்சை.

சிக்கந்தர் யாரென்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அவருக்கு மீசை உண்டு, எனக்குக் கிடையாது. ஆகவே அவர் நான் இல்லை.

[இவருக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இவருக்கும் அதே மூன்று மாதக் கெடுதான். வாசகருக்குத் தெரியட்டும். — நசீமா]

3

இதழுக்கு என் கடமையைச் செய்துவிடுகிறேன். கோழி வாங்கப் போனால் கூண்டில் தலை தொங்கி நிற்பதைத் தொடாதீர்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும். பெரிய கோழிக்கு ஆசைப்படாமல் ஒன்றரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சதை மெத்தென்று இருக்கும். அறுத்து வைத்ததை வாங்குவதானால் விரலால் அமுக்கிப் பாருங்கள். குழி உடனே மேலே வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டும்.

சிக்கந்தர் இதெல்லாம் பார்ப்பதில்லை. நவாஸ் கடைக்குப் போவார், ஸ்டூலில் உட்காருவார். நவாஸ் கோழியை அறுத்து, வெந்நீரில் முக்கி, மெஷினில் போடுவான். மெஷின் சுற்றச் சுற்ற இறகெல்லாம் கழன்று போகும். அப்புறம் மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டுவான். கடைசியாகத் தோலை உரித்து

[இங்கே பிழை. தோல் வேண்டாம் என்பவருக்கு இறகோடு சேர்த்தே தோலை இழுத்துக் கழற்றிவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை. மெஷின், மஞ்சள், நெருப்பு எல்லாம் தோலைச் சாப்பிடுகிறவர்களுக்கு. உரிக்கப்போகிற கோழிக்கு இவ்வளவு ஒப்பனை எதற்கு? இது எந்த ஊர்க் கடை? — நசீமா]

மாட்டிக்கொண்டேன்.

சிக்கந்தர் மாட்டிக்கொண்டார் என்று சொல்ல வந்தேன்.

4

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த ஓட்டையையும் ஒரே வரியில் அடைத்துவிடலாம். இதோ அடைக்கிறேன்: சிக்கந்தர் வீட்டில் ஒரு பூனை இருந்தது.

"நவாசு, தோலைத் தனியாக் கட்டு. வீட்டுல பூனைக்கு."

"பூனைக்கு எதுக்குண்ணே இறகு புடுங்கணும்? அது அப்படியே திங்குமே."

"இது கொஞ்சம் வசதியா வளந்த பூனை."

"மஞ்சளுமா போடணும்?"

"போடு. அப்படியே அந்த வடச்சட்டியில போட்டு மொறுமொறுன்னு எடுத்துரு. மிளகு தூக்கலா இருக்கட்டும்."

நவாஸ் சாயங்காலம் சில்லி சிக்கனும் போடுகிறவன். அடுப்பும் வடச்சட்டியும் கடையிலேயே தயார். அவன் சிக்கந்தரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பூனை எங்கண்ணே இருக்கு?"

"இங்கனதான் இருக்கு" என்று சிக்கந்தர் ஸ்டூலை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாரத்துக்கு நாலு நாள் அந்தப் பூனை வயிறாரச் சாப்பிட்டது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, உரித்த கோழியை எடுத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனது.

(பூனை தேவையா? ஓட்டையை அடைக்க வந்தது இப்போது அதைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறது. அடித்துவிடலாம் என்று இரண்டு முறை பேனாவை வைத்தேன். மனசு வரவில்லை.)

சிக்கந்தரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பயம் இருந்தது. கடைசித் துண்டை வாயில் போட்டதும் ஒவ்வொரு தடவையும் மனைவி பாஜிலாவின் முகம் வந்து நிற்கும். நாளையிலிருந்து இல்லை என்று மனதார நினைத்துக்கொள்வார். அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

5

செய்முறை. பாஜிலா உரித்த கோழியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பையும் கிள்ளி எறிந்துவிடுவாள். ஒரே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கை நிறையச் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தயிர், இடித்த மிளகு, சீரகம், கறிவேப்பிலை. தேங்காய் கிடையாது. தண்ணீர் ஊற்றாமல் மூடி போட்டு, தீயைக் குறைத்து, கோழி விடும் தண்ணீரிலேயே வேகவிடுவாள்.

[தயிர் நான் போடுவதில்லை. எலுமிச்சை. — நசீமா]

சிக்கந்தர் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். பாஜிலாவுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. "எங்க வீட்டுல கறின்னு ஒரு பேச்சே இல்ல. என்னத்தக் குடுத்தாலும் சத்தங்காட்டாமச் சாப்புடுறாக" என்று தெரு முழுக்கச் சொன்னாள். பூனைக்குக் கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

பரிசோதனை நாள் வந்தது. எனக்கு இங்கே மூன்று முடிவுகள் தோன்றுகின்றன.

முதல் முடிவு: கொழுப்பு இறங்கிவிட்டது. டாக்டர் கை கொடுத்தார். பாஜிலா அழுதாள். (இதழுக்குப் பிடிக்கும். எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது.)

இரண்டாவது: கொழுப்பு ஏறிவிட்டது. பாஜிலா கட்டிலுக்கு அடியில் குனிந்து, "அந்தப் பூனை எங்கன?" என்று தேடுகிறாள்.

மூன்றாவது: ரிசல்ட் வருவதற்கு முன்பே சிக்கந்தர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "பாஜிலா, ஒன்னு சொல்லணும். அந்தப் பூனை

6

நோட்டில் இவர் எழுதியிருப்பது அவ்வளவுதான். மேற்கோள் குறியைக்கூட மூடவில்லை. இனி நசீமா.

மெஷின் என்று வந்த இடத்திலேயே எனக்கு உறுத்தியது. கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். கம்பத்துக்கெல்லாம் பஸ் ஏறவில்லை, கடை எங்கள் தெருமுனையில்தான். நவாஸ் பெயரைக்கூட இவர் மாற்றவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் கேட்டுவிட்டான்: "மதினி, பூனை நல்லாருக்கா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஸ்டென்ட் வைக்க இவரை உள்ளே கொண்டுபோன அன்றைக்கு இவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குக் கோபம் தோலைத் தின்றதில் இல்லை. இவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாரே, அதில்தான். வாயால் சொல்ல முடியாததை எழுதி, அதை என் கையாலேயே தட்டவும் வைத்திருக்கிறார்.

இவருடைய பரிசோதனை நேற்று முடிந்தது. லேபில் கொடுத்திருந்தது என் போன் நம்பர். இன்று மதியம் ரிசல்ட் வந்துவிட்டது, பார்த்துவிட்டேன். அந்த எண்ணை உங்களுக்கும் சொல்வதாக இல்லை. நல்ல எண் என்று தெரிந்தால் இவர் பூனை விஷயத்தைச் சொல்லவே மாட்டார். கெட்ட எண் என்றால் பயத்தில் சொல்வார். எனக்கு ரெண்டும் வேண்டாம். என்னிடம் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்ல வேண்டும்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நிற்கிறார்.

"நசீமா, ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரலைங்க."

இப்போது இந்த வீட்டில் பொய் ரெண்டாகிவிட்டது. முதலில் எதை வெளியே விடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், இவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்.