மஞ்சள் கட்டம் யாருடையது

1

இந்தக் கதை ஒரு பொறாமையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அறிவியல் ஆசிரியர். அடுத்த வகுப்பில் பாடம் நடத்தும் கணக்கு டீச்சரின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு என் வகுப்புக்குள் வரும். என் பிள்ளைகள் என் பாடத்தை விட்டுவிட்டு அவர் பாடத்தைக் கேட்பார்கள். பதினோரு வருடங்களாக இதே கதைதான். அவரை ஒரு கதையில் போட்டு வாட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வாய்ப்பு வந்தது.

முதல் தொடக்கம்: "மேசையைச் சுற்றி நான்கு பேர், நடுவில் ஒரு தாள்" — வேண்டாம், சீட்டாட்டம் போல இருக்கிறது.

இரண்டாவது: "கல்வி என்பது" — இப்படித் தொடங்கிய எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

2

செவ்வாய் மாலைதோறும் ஏழாம் வகுப்பு ஆசிரியர்கள் கூடுவோம். மாதத் தேர்வில் எந்தக் கேள்வியை எத்தனை பிள்ளைகள் தவறவிட்டார்கள் என்று ஒரு தாளில் கட்டம் கட்டமாக இருக்கும். விடைத்தாள்களை வெளியார் திருத்துவார்கள், கட்டம் போடுவது நான். பிரிவுக்கு முப்பத்தொரு பேராக இரண்டு பிரிவுகள், ஒன்றுக்கு மஞ்சள், இன்னொன்றுக்குப் பச்சை. எந்த நிறம் யாருடைய வகுப்பு என்பது தாளில் இருக்காது, மாதாமாதம் மாறும். "யாருதுன்னு கேக்கக் கூடாது, என்ன பண்ணலாம்னு மட்டும் கேக்கணும்" என்பது தலைமையாசிரியையின் சட்டம்.*

* இரண்டே பிரிவு, இரண்டே கணக்கு ஆசிரியைகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் மறைத்தோம்.

ஒருவர் நம் கணக்கு டீச்சர். மற்றவர் வேலைக்கு வந்து நான்கே மாதமான புது டீச்சர், மாடியில் வகுப்பு. அந்தப் போன செவ்வாய் காலையில்தான் அவர் என்னிடம், "எனக்கு இந்த வேலை வரலை சார். மாசக் கடைசியில எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்" என்றிருந்தார். (இந்த வரியை நினைவில் வையுங்கள். அன்று மாலை நான் வசதியாக மறந்துவிட்டேன்.)

3

ஒன்பதாம் கேள்வி: 7/8, 1/2 இரண்டில் எது பெரியது, ஏன்? பச்சையில் நான்கு பேர் மட்டும் தவறு. மஞ்சளில் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர், பாதிதான் பெரியது என்று எழுதியிருந்தார்கள்.

கணக்கு டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாருதுன்னு நான் கேக்கலை" என்றார், புது டீச்சரைப் பார்த்துக்கொண்டே. "ஆனா இருபத்தாறு பிள்ளைங்க ஒரே தப்பைப் பண்ணா, தப்பு பிள்ளைங்க மேல இல்லம்மா. சொல்லிக் குடுத்தவங்க மேல."

இருபது நிமிடம் பேசினார். புது டீச்சர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

[இங்கே பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கணக்கு டீச்சரைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பேச்சுக்கு நடுவே அவர் காகிதத்தை மடித்து, கிழித்து, எட்டுத் துண்டாக்கி, இப்படிக் காட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அந்த அக்கறை நிஜம். இதுதான் இந்தக் கதையைக் கெடுக்கிறது.]

4

"ஏன் அப்படி நெனச்சாங்கன்னு பாப்போமே" என்று தலைமையாசிரியை தாளைத் திருப்பச் சொன்னார். பின்பக்கம் மஞ்சள் பிள்ளைகள் எழுதிய காரணங்களில் மூன்றைத் தட்டச்சு செய்திருந்தேன். கணக்கு டீச்சர் உரக்க வாசித்தார்.

"எட்டு பெரிய எண். அடி பெருத்தால் அளவு சிறுக்கும்."

இரண்டாவதும் அதே. மூன்றாவதை அவர் வாசிக்கவில்லை.

'அடி பெருத்தால்' என்பது அவரே கட்டிய பாட்டு, அடி என்றால் பின்னத்தின் கீழ் எண். மேலே ஒரே எண் இருந்தால் மட்டும் சரியாக வரும். அந்த நிபந்தனை பாட்டில் இல்லை. மேசையில் இருந்த மற்ற இருவருக்கும் அது தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

5

முடிவு அ: "நேரமாச்சு" என்று தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறார். மாதக் கடைசியில் புது டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். உலகத்தில் வழக்கமாக நடப்பது இதுதான்.

முடிவு ஆ: சட்டென்று மின்சாரம் போய் — வேண்டாம். முடிவு தெரியாத எழுத்தாளர்கள்தான் விளக்கை அணைப்பார்கள்.

முடிவு இ, நடந்தது:

"மஞ்சள் என்னுது" என்றார் கணக்கு டீச்சர். "இந்தப் பாட்டு நான் கட்டினது."

அவர் நாற்காலியைப் புது டீச்சர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உன் பிள்ளைங்களுக்கு எப்படிம்மா சொன்னே?"

"பாட்டெல்லாம் எனக்கு வராது டீச்சர். ஒரு முழுசு ஆக இன்னும் எவ்வளவு வேணும்னு கேட்டேன். எட்டுல ஏழுக்கு ஒரு துண்டு போதும். பாதிக்கு இன்னொரு பாதி வேணும். அவ்வளவுதான்."

"நாளைக்கு என் வகுப்புல வந்து இதைச் சொல்றியா? நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

புது டீச்சர் அன்று முதல் முறையாக நிமிர்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ட நினைத்தவர் ஒரே வாக்கியத்தில் என்னைவிட உயரமாகிவிட்டார். கதையை இங்கேயே முடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

6

கணக்கு டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நிறம் போட்டது நீங்கதானே சார். நான் இருபது நிமிஷம் பேசினப்போ, மஞ்சள் யாருதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

புது டீச்சரும் என்னைப் பார்த்தார். காலையில் என்னிடம் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. "சொல்லக் கூடாதுங்கறது சட்டமாச்சே" என்பது ஒன்று. சுத்தமாக இருந்தது, தலைமையாசிரியையே தலையாட்டியிருப்பார். "தெரியும். கேக்க நல்லா இருந்துச்சு" என்பது மற்றது.

நான் சொன்னது: "........................"

இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். முதலில் எழுதியதை நானும் அழிக்க வேண்டியிருந்தது.