பிளக்கின் மூன்றாவது கால்

ஃப்ரீசரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்படிக் கொண்டுவரச் சொன்னவர் அகராதி. நிமிர்த்தி வைத்தால் வாசலில் இடிக்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி வாசலை அளக்க அவருக்குத் தோன்றவில்லை. அளந்து பார்ப்பதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் செய்கிற வேலை.

அகராதி என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து, மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் காற்புள்ளியை இடம் மாற்றி வைத்ததற்குச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு திருத்தக் கடிதம் கிடைக்காததால் மனிதர்களைத் திருத்த ஆரம்பித்தார். டாக்டருக்கு மருந்து சொல்லிக் கொடுத்தார். பஸ் டிரைவருக்கு பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எதிரே வருகிறவர்கள் அவரைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டார்கள். மரியாதை கொடுத்து வழிவிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மனைவியைத் தெருவில் தையலக்கா என்பார்கள். முன்னறை மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள். வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். வந்திறங்கிய ஃப்ரீசரோ ஒரு விடுதிக்கே போதும். தள்ளுபடியில் கிடைத்தது என்பதைத் தவிர அதை வாங்க வேறு காரணம் இல்லை.

பொருத்திக் கொடுக்கக் கடையிலிருந்து மெக்கானிக் வந்தான். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். ஃப்ரீசரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"படுக்க வச்சுக் கொண்டுவந்திருக்காங்க சார். உடனே சுவிட்சப் போடாதீங்க. கம்ப்ரஸர்ல இருக்கற ஆயில் பழையபடி கீழ இறங்கணும். நாளைக்குக் காலையில போட்டாப் போதும்."

"அதெல்லாம் பழைய மாடலுக்குப்பா," என்றார் அகராதி. அவர் வாழ்நாளில் வாங்கிய முதல் ஃப்ரீசர் இதுதான்.

அவர் தேர்ந்தெடுத்திருந்த இடம் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்துக்குப் போகும் ஒடுக்கமான நடை. மெக்கானிக் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தான். ஈரம் ஒட்டியது.

"இங்க தண்ணி தெறிக்கும் சார். தரையும் சமமா இல்ல. முன்னறையில வெயில் படாத மூலை ஒண்ணு இருக்கே, அங்க வச்சா நல்லது. செவுத்துலேருந்து ஒரு சாண் தள்ளி வைக்கணும். சூடு வெளிய போக வழி வேணும்."

"முன்னறையில நான் உக்காந்து பேப்பர் படிக்கறேன்."

"சரி சார். ஆனா இதுக்குத் தனி சாக்கெட் வேணும். எர்த் உள்ளது. நீங்க வச்சிருக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு ஓட்டைதான் இருக்கு. பிளக்குல மூணு கால் இருக்கு பாருங்க."

அகராதி சிரித்தார். "கரண்ட் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். மூணாவது எதுக்கு, வேடிக்கை பாக்கவா? நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"பத்தாவது சார்."

"அதான்."

அந்த 'அதான்' என்ற ஒரு சொல்லில் அவருடைய முப்பத்திரண்டு வருட உத்தியோகம் முழுவதும் இருந்தது. மெக்கானிக் வாக்குவாதம் செய்யவில்லை. எர்த் இல்லாததால் இணைப்புக் கொடுக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டான். அகராதி பேனாவை எடுத்து, முதலில் 'இணைப்பு' என்று வரவேண்டிய இடத்தில் அவன் 'இனைப்பு' என்று எழுதியிருந்த பிழையைத் திருத்தி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. எப்படி எழுதியிருக்கிறது என்பதோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

போகும்போது மெக்கானிக் மெஷின் அருகே நின்றான். "அக்கா, நீங்களாவது கேளுங்க. எர்த் இல்லாம போட்டா, எங்கயாவது வயர் தேஞ்சா கரண்ட் முழுசும் பாடிக்கு வந்துடும். தொட்டவங்களத்தான் அடிக்கும்."

தையலக்கா தலையாட்டினாள். முப்பது வருடமாக அவள் அந்த வீட்டில் செய்துவந்த முக்கியமான காரியம் அது.

அரை மணி நேரத்தில் அகராதி இரண்டு கால் அடாப்டர் ஒன்றை மாட்டி ஃப்ரீசரை ஓட்டிக் காட்டினார். இடம் வீணாகக் கூடாது என்று சுவரோடு ஒட்ட நெருக்கித் தள்ளியும் விட்டார். பின்னால் தொங்கிய வயர் சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்கத்தான் இடம் வைக்கவில்லையே.

அடுத்த வாரங்களில் ஃப்ரீசருக்குள் ஒரு பொட்டலம் பட்டாணியும் கொஞ்சம் மீனும் நிறைய வெற்றிடமும் குளிர்ந்துகொண்டிருந்தன. சமைத்த குழம்பை ஆறவிடாமல் ஆவி பறக்க அதற்குள் வைப்பார் அகராதி. குளிரைச் சூட்டின் மேல் ஏவுவதாக நினைப்பு. தரை கோணலாக இருந்ததால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. உள்சுவரில் பனி இரண்டு விரல் கனத்துக்கு ஏறியது. அணைத்து வைத்து உருகவிட்டால் போதும் என்பது அவர் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பெயர்த்தார். இயந்திரம் இடைவிடாமல் முனகியது. அதை உழைப்பு என்று பாராட்டினார்.

பின்நடையைக் கழுவிவிடும் நாட்களில் வீட்டில் மின்சாரம் நின்றுபோனது. மீட்டருக்குப் பக்கத்தில், மின்கசிவு இருந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று உண்டு. அது விழுந்துகிடக்கும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். ஒரு வாரத்தில் நான்கு முறை விழுந்தது. நான்காவது முறை அகராதி ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"இது கெட்டுப்போச்சு. சும்மா சும்மா விழுது," என்றவர், அந்தச் சுவிட்சை விலக்கிவிட்டு வயரை நேராக இணைத்தார்.

வீட்டில் உண்மை பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதன் வாயையும் அடைத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தையலக்காவுக்குக் கையில் சுரீர் என்றது. முதல் நாள் விரல் மரத்துப்போனதோ என்று நினைத்தாள். இரண்டாம் நாள் முழங்கை வரை ஏறியது.

"என்னங்க, ஃப்ரீசரத் தொட்டா ஷாக் அடிக்குது."

பேப்பரிலிருந்து முகம் நிமிரவில்லை. "நாள் பூரா மெஷின் மிதிக்கறல்ல, நரம்புத் தளர்ச்சி. நான் தொட்டா அடிக்கலயே."

அவர் குழம்பை அதற்குள் வைப்பது சாக்ஸும் ஷூவும் போட்டு வாக்கிங் கிளம்பும் நேரத்தில். அவளுக்கு அது தெரியும். சொல்லவில்லை. சொன்னால் ஒரு மணி நேரம் விளக்கம் வரும். முடிவில் தான் முட்டாள் என்று நிரூபணமாகிவிடும். கடைக்குப் போய்த் தடித்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, கை துடைக்கும் துணியை மடித்து அதால் மூடியைத் திறந்தாள். சுரீர் என்பது குறைந்தது. தன் பிரச்சினை தீர்ந்தது என்று மெஷினுக்குத் திரும்பிப்போனாள்.

அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்பார்கள். நாற்பது வயது. காலை எட்டுக்குள் மூன்று வீட்டுப் பாத்திரமும் துணியும் முடித்துவிடுவாள். அந்தப் பேரில் அவளுக்கே ஒரு பெருமை. வேலைக்கு வருகிறவள் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும் என்பது அகராதியின் சட்டம். எக்ஸ்பிரஸ் வெறுங்காலோடுதான் பின்நடையைக் கழுவினாள்.

அன்று காலை அவள் துணிகளை அலசிவிட்டு நிமிர்ந்தபோது முன்னறையிலிருந்து தையலக்காவே குரல் கொடுத்தாள். "அந்த மீன எடுத்து வெளிய வச்சுடு. ஐஸ் உருகட்டும்."

சொல்லி முடித்து ஊசியில் நூல் கோக்கும் நேரம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை. தொண்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்ட சத்தம்.

தையலக்கா ஓடினாள். எக்ஸ்பிரஸின் கை ஃப்ரீசரின் கைப்பிடியில் இறுகிப் போயிருந்தது. உடம்பு வெடவெடவென்று ஆடியது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அகராதியும் வந்து நின்றார். எல்லாம் தெரிந்தவர். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பிடித்து இழுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்று அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, மீட்டருக்கு ஓடி மெயினை இறக்கினாள் தையலக்கா.

எக்ஸ்பிரஸ் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தாள். தோள் இறங்கிவிட்டது. உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு தீய்ந்த கோடு. மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்து, இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள். அவள் புருஷன் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தான். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

அகராதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஈரக்கையோட தொட்டுட்டா டாக்டர். இவங்களுக்கெல்லாம் எத்தன தரம் சொன்னாலும் ஏறாது."

தையலக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. வெளுத்த காலர், சட்டைப் பையில் பேனா, மூக்கின் மேல் கண்ணாடி. இந்த ஆளுக்கா பயந்தோம் என்று இருந்தது.

"எத்தன தரம் சொன்னீங்க?" என்றாள். குரல் உயரவில்லை. "சமையல்கட்டுலயும் துவைக்கற எடத்துலயும் கை ஈரமாத்தாங்க இருக்கும். ஈரக்கையோட தொட்டாலும் ஆள் சாகாம இருக்கத்தான் அந்த மூணாவது கால். அது வேண்டாம்னு போட்டது நீங்க. சுவிட்ச் விழுந்து விழுந்து சொல்லிச்சு, அதையும் கழட்டினது நீங்க. அவ தப்புன்னு இன்னொரு வார்த்தை சொன்னீங்கன்னா, இதையெல்லாம் நானே டாக்டருக்கு எழுதிக் குடுப்பேன். நீங்க பிழை திருத்த வேண்டாம்."

அகராதி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். திருத்த ஒன்றும் அகப்படாமல் மறுபடி பையிலேயே செருகிக்கொண்டார்.

மறுநாள் அவளே போன் செய்து மெக்கானிக்கை வரவழைத்தாள். ஃப்ரீசரை இழுத்து, தேய்ந்து செம்புக்கம்பி தெரிந்த வயரைக் காட்டினான். அந்தக் கம்பிதான் பின்பக்கத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ரப்பர் செருப்பெல்லாம் காப்பாத்தாதுக்கா," என்றான் அவள் காலைப் பார்த்து. "நீங்க பிழைச்சது உங்க நேரம்." வயரை மாற்றி, ஃப்ரீசரை முன்னறையில் வெயில் படாத அந்த மூலைக்கு நகர்த்தி, அங்கே தனி சாக்கெட்டும் எர்த்தும் போட்டு, ட்ரிப் சுவிட்சைப் பழைய இடத்தில் பூட்டி, அதன் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று சோதித்தான். "மாசம் ஒரு தரம் இப்படி அமுக்கிப் பாருங்க," என்றான். அகராதி பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலுக்குக் குடிபெயர்ந்தார். தலைப்புச் செய்தியில் ஏதோ எழுத்துப்பிழை என்று முணுமுணுத்தது கேட்டது. யாரும் காதில் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தையலக்கா எக்ஸ்பிரஸின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் எக்ஸ்பிரஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத கை, வேகம் இல்லை.

"உக்காருங்கக்கா," என்றாள். தலை நிமிராமலே, "ஒண்ணு கேக்கறேன். அது அடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் மேல் போட்டுவிட்டு வந்திருக்கலாம், தெருவே நம்பியிருக்கும்.

"தெரியும்," என்றாள் தையலக்கா. "எனக்கு ரெண்டு தரம் அடிச்சுது. நான் செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டேன். உன்கிட்ட சொல்லல."

எக்ஸ்பிரஸ் கத்தியைக் கீழே வைத்தாள். கோபத்துக்காகக் காத்திருந்த தையலக்காவுக்கு அது கிடைக்கவில்லை. வெறும் அசதிதான் இருந்தது அந்த முகத்தில்.

"நான் இனிமே அங்க வரலக்கா. கை சரியானதும் கடைசித் தெருவுல ஒரு வீட்டுக்குப் போறேன். போய்ப் பேசினப்பவே கேட்டுட்டேன், எந்த சாமான் அடிக்கும், எங்க செருப்புப் போட்டுக்கலாம்னு. அந்தம்மா கோவிச்சுக்கல. கூட்டிட்டுப் போய் ஒவ்வொண்ணா காமிச்சாங்க."

தையலக்கா தரையில் கிடந்த வெங்காயச் சருகுகளை ஒன்றாகக் கூட்டினாள்.

"சார் எதையும் கேக்க மாட்டார்னு ஊருக்கே தெரியும். அவருக்குப் பயந்து நாங்க ஒதுங்கிக்குவோம். ஆனா நீங்க கூப்பிட்டா நம்பி வருவேன். அன்னைக்கும் அப்படித்தான் போய்த் தொட்டேன்." எக்ஸ்பிரஸ் மறுபடி கத்தியை எடுத்தாள். "ஒரு வீட்டுல ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சா, அங்க கை வைக்கற எல்லாருக்கும் சொல்லணும்க்கா. தன்ன மட்டும் காப்பாத்திக்கிட்டு வாய மூடிக்கிட்டா, அந்தக் கரண்ட அடுத்தவ பக்கம் திருப்பி விட்டதாத்தான் அர்த்தம்."