வேலை என்ன என்று கேட்டபோது

கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு முழங்கையின் கதை சொல்கிறேன். கொஞ்சம் கோபமான கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டுகிறவள் அவள். எல்லாருக்கும் கட்டர் அக்கா. நீள மேஜையில் பத்து அடுக்குத் துணியை விரித்து, குறுக்கே எட்டி, பெரிய கத்திரியால் ஒரே வீச்சில் வெட்டுவாள். பதினெட்டு வருடத்துக் கை அது.

ஈரத் தரையில் வழுக்கி வலது முழங்கை தரையில் மோத, எலும்பு விரிசல்விட்டு லேசாக விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டதும் கண் சொருகிக் கிடந்தாள். டாக்டரிடம் பேசியதெல்லாம் கூட வந்த கணவர்தான். ஐந்து வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கை மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. சட்டியின் கைப்பிடி மாதிரி வளைந்து நின்றது.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

டாக்டரம்மா பழைய தாளைப் புரட்டினார். "அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு வழி சொன்னேனேம்மா. தகடு வெச்சு ஆபரேஷன் பண்ணா சீக்கிரமே கையை அசைக்க ஆரம்பிச்சிருக்கலாம். கட்டு போட்டா கொஞ்சம் இறுகும். கையை ஊன்றி செய்யற வேலை இல்லைன்னா கட்டே போதும். நீங்க வீட்டோட இருக்கீங்கன்னுதானே சொன்னாங்க."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார். அவள் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"நான் வீட்டோட இருக்கேனா?"

"கத்தின்னு சொன்னதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. உன் நல்லதுக்குத்தான்..."

"உங்க வயித்துக்கு என் கையை வெச்சா வைத்தியம் பாத்தீங்க?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டர் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு கொதித்தது. தூங்கிக் கிடந்தவளின் பதினெட்டு வருடத்தை ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாரே.

"உள்ள வாங்க. என் வேலை என்னன்னு உங்க வாயால சொல்லுங்க."

சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. டாக்டரம்மா தாளில் திருத்தி எழுதினார். "மூணு மாசம் பயிற்சி. நீங்களே மெதுவா மடக்கி நீட்டணும். யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது. அப்பவும் நீளலைன்னா இறுக்கத்தை விடுவிக்க ஆபரேஷன் இருக்கு. ஆனா முழுசா நேராகும்னு வாக்கு குடுக்க மாட்டேன்."

தினம் நாலு வேளை கையை மேஜையில் வைத்து, பல்லைக் கடித்து நீட்டினாள். பாவப்பட்டு அவர் பிடித்துவிட வந்தார்.

"தொடாதீங்க. காபி போட்டுக் குடுங்க, அது போதும்."

போட்டுக் கொடுத்தார். கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தை ஊன்றித்தான் கை தினம் ஒரு நூல் நீண்டது.

மூன்று மாதம் கழிந்தும் நேராக நாலு விரல் அளவு பாக்கி. டாக்டரம்மா கேட்டார்: "இது போதுமா, ஆபரேஷன் பண்ணிடலாமா?"

கணவர் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"பத்து நாள் வெட்டிப் பாக்கறேன் டாக்டர். எட்டலைன்னா நானே வந்து படுத்துக்கறேன். என் கையெழுத்து, என் கத்திரி."

நேரே பட்டறைக்குப் போய்த் துணியை விரித்தாள்.

உங்கள் வீட்டுக் கைகள் எல்லாம் நோகாமல் நீளட்டும், மக்களே. நொந்தாலும், நொந்தவர் பேசும்வரை வீடே காத்திருக்கட்டும். நல்லா இருங்கள்.