மஞ்சள் கால்

பேராசிரியர் அந்தப் பறவையைப் பார்க்கவே இல்லை. இது வழிகாட்டிக்கும் தெரியும், பேராசிரியருக்கும் தெரியும்.

நாற்பது வருஷமாக அறிஞர்கள் யார் கண்ணிலும் படாத ஒரு பாறைக்குருவி. அது அந்த மலையிடுக்கில் இருப்பதாக வழிகாட்டி ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டம் இல்லாதவன் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? இப்போது தலைக்கு மேல் வெள்ளம். இடுக்கை வெடிவைத்து உடைத்துச் சாலை போடப் போகிறார்கள். குருவி இருப்பது பதிவானால் சாலை சுற்றிப் போயாக வேண்டும். அதனால்தான் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, பேராசிரியரைக் கூட்டிவந்தார்.

மூன்று நாள் இருவரும் பாறைக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தார்கள். நான்காம் நாள் காலை, மூடுபனி விலகிய நேரம், குருவி எதிர்ப்பாறையில் வந்து உட்கார்ந்தது. துருநிற மார்பு, வெள்ளைப் புருவம், பளிச்சென்று மஞ்சள் கால். எண்ணிப் பத்து நொடி. அந்தப் பத்து நொடியும் பேராசிரியர் பனி படிந்த தொலைநோக்கியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேமரா பைக்குள் சுகமாகத் தூங்கியது. அவர் நிமிர்ந்தபோது வெறும் பாறைதான் இருந்தது.

"பாத்துட்டேன்! பாத்துட்டேன்!" என்று வழிகாட்டியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

வழிகாட்டி தலையை ஆட்டிவைத்தார். இவர் பார்த்தாலென்ன, பார்க்காவிட்டாலென்ன, இடுக்கு பிழைத்தால் போதும்.

படம் இல்லாத பதிவுக்குப் பறவைக் குழு ஒரு விதி வைத்திருக்கிறது. பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டாமல், கலந்து பேசாமல், தனித்தனியே எழுதித் தர வேண்டும். கூடாரத்துக்கு வந்ததும் பேராசிரியர் முதலில் எடுத்தது புத்தகத்தைத்தான். எழுதி முடித்துவிட்டு வழிகாட்டியின் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மஞ்சள் காலா? புத்தகத்துல கறுப்புன்னு இருக்கே."

"அஞ்சு வருஷமா பாக்குறேன் சார். மஞ்சள்தான்."

"வெயில் அப்படிக் காட்டியிருக்கும். ரெண்டு பேரும் ரெண்டு விதமா எழுதினா குழுவுல தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் உங்க இடுக்கு அம்போதான். யோசிச்சுக்கோங்க."

வழிகாட்டி யோசித்தார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவர் என்றுதான் இந்த மலையில் அவருக்குப் பேர். ஒரு நிறத்துக்காக மொத்தத்தையும் பறிகொடுக்க முடியுமா? புதுத் தாள் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, 'கறுப்பு' என்று எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவின் கடிதம் வழிகாட்டியின் வீட்டுக்கு வந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சத்தமாகப் படித்தாள்.

"புத்தகத்திலுள்ள படம் அருங்காட்சியகத்தில் பாடம்செய்து வைத்திருக்கும் பழைய பறவையைப் பார்த்து வரையப்பட்டது. காய்ந்த பறவையின் கால் கறுத்துவிடும். அந்தப் பறவையைப் பிடித்தவரின் நாட்குறிப்பு எங்களிடம் உள்ளது. உயிருள்ள பறவைக்குக் கால் மஞ்சள். கறுப்பு என்று எழுதிய இருவருமே புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள், பறவையைப் பார்க்கவில்லை. பதிவு நிராகரிக்கப்படுகிறது. இவ்விருவரின் சாட்சியம் இனி ஏற்கப்படாது."

வழிகாட்டி பேராசிரியரைப் போனில் பிடித்தார். "விட்டுத் தள்ளுங்க, எல்லாம் பொறாமை பிடிச்ச பசங்க" என்று அவர் சிரித்தார். அவருக்கென்ன, பார்க்க வேறு மலை இருக்கிறது.

மனைவி கடிதத்தை மடிக்காமல் நின்றாள். "என்கிட்ட எப்பவும் மஞ்சள் காலுன்னுதானே சொல்வீங்க? அப்புறம் எதுக்குக் கறுப்புன்னு எழுதுனீங்க?"

"இடுக்கைக் காப்பாத்தத்தான்." அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் பெரிதாக இருந்தது.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? உண்மையை எழுதிப் போடுங்க. மஞ்சள்னு எழுதுங்க."

அவர் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"இதைப் படிச்சப்புறம் மஞ்சள்னு நீகூட எழுதலாம்" என்றார்.